பெட்டிக்குப் பெட்டி பார்க்காத காப்பீடு

அன்பும் வம்பும் சரிபாதியாக இருந்த என் வீட்டுக்காரருக்கு,

குறுக்கே பேசமாட்டீர்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். இருந்தவரை என்னை ஒரு பேச்சாவது முடிக்க விட்டிருக்கிறீர்களா?

கொல்கத்தாவில், நம் டாக்குரியா வீட்டில் உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். அது ஏன் ஒரு பக்கம் சாய்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

துறைமுக வேலை முடிந்த கையோடு கேனிங் பக்கம் ஒரு நெல்வயல் வாங்கினீர்களே, அதைப் பங்குக்கு உழுகிற ஹாரான் போன மாதம் வந்தார். என்னை எப்போதும் போல 'பௌதி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிட்டார்.

"பௌதி, சென்னையில கொத்து வேலை கிடைச்சிருக்கு. இன்னொரு வருஷம் பயிர் போச்சுன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது."

"நாங்க இங்க வந்து உக்காந்துட்டோம், நீங்க அங்க கிளம்புறீங்களா? நல்லா இருக்கே" என்றேன். அவர் வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

பயிர்க் காப்பீடு போடலாமே என்றேன். "அண்ணன்தான் அதை ஏமாத்து வேலைன்னு சொல்லிட்டாரே" என்றார்.

சொன்னீர்கள்தான். ஒரு வருஷம் நம் தாழ்ந்த மூலை மட்டும் முழுகியது, காப்பீடு போட்டிருந்தும் நஷ்டஈடு வரவில்லை. ஆபீசில் போய்க் கத்திவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு காப்பீடே போடவில்லை. அடுத்த புயலில் ஊரே முழுகியது. ஊருக்கெல்லாம் நஷ்டஈடு வந்தது, நமக்கு இல்லை. அன்றைக்கு நீங்கள் சாப்பிடவும் இல்லை.

இந்தத் தடவை படிவத்தை மீனாவிடம் கொடுத்தேன். உங்கள் மகளுக்குத் தமிழ்தான் தடுக்கும், வங்காளம் தண்ணீராக ஓடும். "அம்மா, நம்ம வயலைத் தனியாப் பார்க்க மாட்டாங்க. பஞ்சாயத்து முழுக்க விளைச்சல் குறைஞ்சாத்தான் குடுப்பாங்க" என்றாள்.

அட மனுஷா. துறைமுகத்தில் ஒரு பெட்டி நனைந்தால் அந்தப் பெட்டிக்கு நஷ்டஈடு. வயலையும் பெட்டி என்று நினைத்துவிட்டீர்கள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவும் இல்லை. அந்தக் கோபத்தோடேயே போய்விட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஹாரானிடம் சொன்னேன். தரையில் விரலால் வயலை வரைந்தார். "அப்ப அந்த மூலையை நாமதான் பார்த்துக்கணும். வரப்பை உசத்துறேன். தண்ணியில நிக்கிற உசரமான நெல்லு என் மாமனார்கிட்ட இருக்கு, அதைப் போடலாம். ஊரே முழுகுற புயலுக்கு உங்க காகிதம் இருக்கட்டும்."

"சென்னை?"

"ஒரு போகம் பார்த்துட்டுச் சொல்றேன் பௌதி."

கடைசி நாளில் போய்ப் படிவம் கொடுத்தோம். எனக்குத் தெரிந்த தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் இருந்தவர், "இது என்ன, ஜிலேபியா?" என்றார். "ஆமா, சுடச்சுடப் பிழிஞ்சது, எடுத்துக்குங்க" என்றேன். நீங்களாக இருந்தால் அங்கேயும் சண்டைதான்.

வரப்பு இப்போது என் இடுப்பு உயரம். என் இடுப்பை வைத்து அளந்தால் அகலமும் சேர்ந்துவிடும் என்பீர்கள். பயிர் நிற்குமா? ஹாரான் இருப்பாரா? எனக்கும் தெரியவில்லை.

பெரிய மழை வந்தால் முதல் ரயிலில் போய் அந்த மூலையில் நிற்பேன். பயிர் நின்றாலும் விழுந்தாலும், காகிதத்தை மீனாவைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கத்துவேன். இது உங்கள் சாய்ந்த நாற்காலி மேல் சத்தியம்.

இப்படிக்கு, இன்னும் பேச்சை முடிக்காத
உங்கள் பெண்டாட்டி லட்சுமி