ஞாயிறு இரண்டிலிருந்து நான்குவரை, சத்தமாக

என் அருமை அம்மாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், நோயாளிகளின் முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறேன், வீட்டுக்கு வந்து சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுகிறேன். உடம்பு ஓடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் உங்கள் சபையில் ஒரு பிரச்சினை. அதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த ஆராதனை மண்டபத்தை விற்றுவிட்டார்கள். எசன் நகர் முழுக்கத் தேடியும் வேறு இடம் இல்லை. கடைசியில் ஒரு ஜெர்மன் சபை தன் கட்டடத்தை ஞாயிறு பிற்பகலில் தரலாம் என்றது. ஒரே நிபந்தனை, அமைதியான ஆராதனை. மேல்மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

சபை மூப்பர் ஜெயராஜ் அண்ணை, கார் ஓட்டப் பழக்குபவர், நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார்.

"தங்கச்சி, ரெண்டு வரி டொச் பாசையில எழுதித் தாங்கோ. நாங்கள் அமைதியாத்தான் ஆராதிக்கிறனாங்கள், கைதட்டு இல்லை, கத்திக் குழறல் இல்லை எண்டு."

"அப்ப கத்தி அழுது ஜெபிக்கிற செல்வி அக்கா ஆக்கள் என்ன செய்யிறது?"

"சொல்லி விளங்கப்படுத்தலாம். உந்தக் குழறல் எல்லாம் ஊரில மேளம் அடிச்ச சனத்தின்ர பழக்கம். இஞ்சயும் வந்து தொத்தினது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கார்ச் சாவியை உருட்டினார். "உங்களைச் சொல்லேல்லை, தங்கச்சி."

உங்கள் அப்பா செத்தவீடுகளில் பறை அடித்தவர் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பாடுவார்கள். கலியாணப் பேச்சு வந்தால் எந்த ஊர், எந்தத் தெரு ஒழுங்கை என்று கேட்டுச் சாதியைப் பிடிப்பார்கள். என் அக்காவின் இரண்டு சம்பந்தங்கள் அந்தக் கேள்வியோடு நின்றுபோயின.

முகத்துக்கு நேரே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றன் அண்ணை" என்றுதான் சொன்னேன். ஏனென்றால் அவர் கேட்டதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன், உங்களுக்கே.

உங்கள் இறுதிச் சடங்குக்குக் கல்லறைத் தோட்ட மண்டபத்தில் அரை மணி நேரம் கிடைத்தது. முதல் நாளே பாஸ்டரைக் கூப்பிட்டு, கைதட்டு வேண்டாம், ஆவி வந்து அந்நியபாஷை பேசுவதும் வேண்டாம், என் வேலையிடத்து ஆட்கள் வருவார்கள் என்றேன். சரி என்றார். உங்களோடு அத்தனை வருடம் அலுவலகங்கள் துடைத்த செல்வி அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு என் மேலாளர், "அழகான, அமைதியான நிகழ்வு" என்றார். நான் நன்றி சொன்னேன்.

நீங்கள் உயிரோடு இருந்தபோதாவது விட்டேனா? "இது அமெரிக்காவில வெள்ளைக்காரன் டிவியில ஆடுற கூத்தம்மா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "ஆரின்ர கூத்தெண்டாலும் எனக்கு நெஞ்சு லேசாகுது" என்பீர்கள். அதற்கு மேல் சண்டை பிடிக்கவும் மாட்டீர்கள்.

ஜெயராஜ் அண்ணை போன பிறகு ஒரு வாரம் அதைப் பற்றியே படித்தேன். வெள்ளைக்காரனின் கூத்துதான் என்று உறுதியானால், அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு என் பாட்டைப் பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். உறுதியாகவில்லை.

ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளிடமிருந்து மேளத்தைப் பல இடங்களில் பறித்திருக்கிறார்கள். மேளம் சேதி சொல்லும், கலகம் மூட்டும் என்ற பயம். அவர்கள் கையையும் காலையும் மேளமாக்கினார்கள். வட்டமாக நின்று, கைதட்டி, பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்துச் சுற்றி வந்தார்கள். ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே வைத்தால் அது நடனம், பாவம். வைக்காவிட்டால் அது ஜெபம். யாரும் பிழை பிடிக்க முடியாதபடி தங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள், அம்மா.

ஏழை வெள்ளைக்காரரும் காட்டுவெளி ஜெபக் கூட்டங்களில் விழுந்து கதறினார்கள்தான். அங்கேயும் கறுப்பருக்கு மேடைக்குப் பின்னால் தனி இடம். பாட்டு மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தது.

பிறகு, நூறு வருடங்களுக்கும் முந்தி, லாஸ் ஏஞ்சல்ஸில் அடிமைகளாக இருந்தவர்களின் மகன் ஒருவர் ஜெபக்கூட்டம் நடத்தினார். முதலில் வந்தவர்களில் துணி வெளுக்கும் பெண்களும் கட்டடம் துடைப்பவர்களும் இருந்தார்கள். கூட்டம் பெருத்து, குதிரை லாயமாகக் கிடந்த இடத்துக்குப் போனது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் விழுந்து கத்தினார்கள். பத்திரிகைகள் சிரித்தன. சில வருடங்களில் வெள்ளையரில் பலர் பிரிந்துபோய்த் தங்களுக்கென்று சபைகள் வைத்துக்கொண்டார்கள். சத்தத்தை எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சத்தம் கடல் தாண்டி உங்களிடமும் வந்தது. அது யாருடையது என்று கொண்டுவந்தவர்கள் சொல்லவில்லை. பறை பிசாசினுடையது என்று மட்டும் சொன்னார்கள். நீங்கள் நம்பினீர்கள். ஆனாலும் உங்கள் கைதட்டு மற்றவர்களுடையதைவிட எப்போதும் அரைத்தாளம் முந்தி விழும். அதை யார் பழக்கியது? கேட்க எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

செல்வி அக்கா இப்போது தோள் வலிக்கு என்னிடம் வருகிறார். வலது கை காதுக்கு மேலே போகாது. டயர்க் கடை மண்டபத்தின் கடைசி ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். அவருடைய இரண்டு கைகளும் முழுதாக மேலே போயின. இதற்கு என் படிப்பில் விளக்கம் இருக்கிறது. விளக்கம் இருந்து என்ன?

"பிள்ளை, கத்தாட்டி எனக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக ஏலாது" என்றார். "டொச்சுக்காரர் மனசுக்கு வைத்தியரிட்டைப் போகினம். அங்க நாள் குறிச்சு டெர்மின் கிடைக்கிறதுக்குள்ள நான் செத்துப்போடுவன். யேசுவிட்டை டெர்மின் தேவையில்லை."

அன்று மண்டபத்துச் சமையலறையில் வைத்தே கடிதத்தை எழுதினேன். நாங்கள் சத்தமாக ஆராதிப்பவர்கள். கைதட்டுவோம், அழுவோம், சிலர் விழுவார்கள். ஞாயிறு இரண்டிலிருந்து நான்குவரை. ஜன்னல்களை மூடிக்கொள்கிறோம். சம்மதமென்றால் வருகிறோம். அங்கே நின்ற பெண்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"விழுறதெண்டு எழுதாதை பிள்ளை" என்றார் செல்வி அக்கா. "முதல் நாளே அம்புலன்சுக்கு அடிச்சுப் போடுவினம்."

வெட்டிவிட்டு, 'சிலர் தரையில் கிடந்து ஜெபிப்பார்கள்' என்று எழுதினேன். துப்புரவு வேலை செய்யும் ஒன்பது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். பாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். "ஜெயராஜ் அண்ணை சபையை விட்டுப் போவார்" என்றார். "ஓம், போவார்" என்றேன். ஒன்பது பெயர்களுக்கும் கீழே அவரும் கையெழுத்திட்டார்.

ஜெயராஜ் அண்ணை போய்விட்டார். அவரோடு ஆறு குடும்பங்கள். அதில் உங்களுக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களும் உண்டு. தெருவில் கண்டால் மற்றப்பக்கம் பார்க்கிறார்கள். எனக்குக் கவலை வரவேண்டும். வரவில்லை.

நேற்று ஜெர்மன் சபையிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்று ஞாயிறு பரீட்சித்துப் பார்க்கலாமாம். டொச் நன்றாகத் தெரிந்த ஒருவர் முழு நேரமும் பொறுப்பாக அங்கே இருக்க வேண்டுமாம். பயிற்சிக்கு வந்த செல்வி அக்காவிடம் சொன்னேன், என்னையே பார்த்தார்.

அம்மா, நான் விசுவாசி ஆகமாட்டேன். செத்துப்போன உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கையும் உயர்த்தமாட்டேன். ஆனால் இனி ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் நிற்பேன். மேல்மாடிக்காரர் இறங்கி வந்தால் நான் கதைப்பேன். பொலிஸ் வந்தாலும் நான்தான் கதைப்பேன். அவர்கள் உள்ளே கத்தி முடிக்கும்வரை கதைத்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
சத்தம் போட்டு அழத் தெரியாத உங்கள் இளைய மகள்