அறுபது வயது சில்வண்டு

என் அன்புக்குரிய எழுத்தாளரம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ அவர் வீட்டுக்குப் போன பிறகு அடுப்பும் நானும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டோம். குளியலறைக் குழாய்தான் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நீ எழுதி அனுப்பிய நாவல் கட்டு வந்து சேர்ந்தது. படித்துப் பார்த்து, எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தாய். பஸ் டிப்போ டைம்கீப்பரிடம் இந்த வேலையைக் கொடுக்கலாமா? மூன்றாம் வண்டி கிளம்பாமல் நாலாம் வண்டியை விட எனக்குக் கை வராதே!

முதல் அத்தியாயத்திலேயே நம் மகள் சில்வண்டுக்கு அறுபது வயது. எனக்கே ஐம்பத்திரண்டுதான்! நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதையே வீடெல்லாம் தேடுகிறாள். அச்சு அசல் நான்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடுத்து முப்பது வயதில் மேலாளரிடம் சண்டை போடுகிறாள். அது உன் வாய். பிறகு கல்யாணம், அது முடிந்த கையோடு ஆறு வயது.

டிப்போவிலிருந்து வந்த கண்டக்டர் தம்பி எடுத்துப் புரட்டிவிட்டு, "என்னண்ணே இது, மாலையும் கழுத்துமா நின்ன பொண்ணு, அடுத்த பக்கத்துல பல்லு விழுந்து அழுதுட்டிருக்கு!" என்று கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் போனதும் எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் வயதுப்படி பரப்பினேன். பிறந்தது சுவரோரம், அறுபது வாசல் பக்கம்.

ஆறு இருந்தது. அடுத்தது எட்டு. நடுவில் கொஞ்சம் தரை வெறுமையாகத் தெரிந்தது. ஏழு வயதில் நம் குழந்தை நம்மை விட்டுப் போனது எனக்குத் தெரியாத செய்தியா? ஆனாலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஏன் இப்படி முன்னும் பின்னுமாக எழுதுகிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. பிறந்ததிலிருந்து தொடங்கியிருந்தால் ஏழோடு பேனா நின்றிருக்கும். நீ அறுபதில் போய் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறாய். அவளும் நரைத்த தலையோடு வந்திருக்கிறாள். கடவுளே மனமிரங்கி வரம் கொடுத்திருந்தாலும் இத்தனை விவரமாகக் கொடுத்திருக்க மாட்டார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நீ இவ்வளவு பெரியவள் என்று எனக்குத் தெரியவில்லையே! மலைத்துப்போய் இருக்கிறேன்.

தாள் மூலையில் நீ எண் போட்டிருந்தது நல்லதாயிற்று. பழையபடியே அடுக்கிவிட்டேன். உன் வரிசையில் படித்தால் எங்கேயும் இடைவெளி தெரியவில்லை. டைம்கீப்பர் தோற்றார், போ.

இருந்தாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். விட்டுப்போயிருப்பது ஏழு வயது ஒன்றுதான். "பேனாவைத் திறக்கறா, மூடறா. ஒரு வரி நகரல" என்று உன் அக்கா போனில் வருத்தப்பட்டார். இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல என்னால் முடியாது, குரல் உடைந்துவிடும்.

அன்று ஆஸ்பத்திரியில் நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். நான்தான் அவள் பக்கத்தில் இருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் பெருசானா எனக்கும் உங்கள மாதிரி கண்ணாடி போடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். கட்டாயம் போடுவார்கள் என்றேன். நீயும் விசாரித்ததில்லை, எனக்கும் இதுவரை சொல்ல வாய் வரவில்லை. இது தெரியாமலே, முதல் பக்கத்தில் அவளுக்குக் கண்ணாடி போட்டுவிட்டிருக்கிறாய்.

இன்னும் கொஞ்சம் பேசினாள். வீட்டுக்கு வா, சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல நீ எழுது. அதை எங்கே வைப்பது என்பது உன் இஷ்டம். கடைசியில் மட்டும் வைத்துவிடாதே அம்மா.

நீயும் நம் மகளும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறுபது வயதுக்காரியின் அப்பா