ஐந்து மணி நேரத்தில் மெல்பர்ன்

அன்புள்ள மகன் ரஞ்சனுக்கு,

அப்பா எழுதுவது. ஈசூன் வீட்டில் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், எந்த ஊரில் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். போனில் கேட்டால் உன் அம்மா காதில் விழுந்துவிடும், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அவளுக்கு மூட்டுவலி பரவாயில்லை, நம் புளோக்கில் லிப்ட் மறுபடியும் பழுது, வேறு விசேஷம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் விமானம் சாங்கியில் கிளம்பியது. மெல்பர்ன் எறங்கிட்டேன்பா என்று நீ செய்தி அனுப்பியது மதியம் இரண்டு நாற்பதுக்கு. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் கப்பல் வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதினவன் நான், என்னிடமே உன் வேலையைக் காட்டுகிறாயா. சிங்கப்பூரிலிருந்து மெல்பர்ன் ஆறாயிரம் கிலோமீட்டர், ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது. கீழ்வீட்டு யாக்கூப் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டுகிறவர், காற்று பின்னாலிருந்து தள்ளினால் சீக்கிரம் போகுமா என்று அவரிடம் கேட்டேன். எவ்ளோ தள்ளினாலும் அஞ்சு மணி நேரத்துல பெர்த்துக்குத்தான் போகலாம் லா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் நான்கு காட்டுகிறது, நம் வீட்டிலும் அப்போது நான்குதான். மெல்பர்ன் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். நம் நேரமே ஓடுவது பெர்த்தில்.

பெர்த்தில் யார் இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அந்த ஹரிசன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போன உன் அக்கா. ஏழு வருஷமாக இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். உன் அம்மாவும் உடந்தை. ஏர்போர்ட்டில் விமான நேரம் போட்டிருக்கிற போர்டைப் பார்க்கப் போன என்னை, தலை சுத்துது ஒரு தே வாங்கிக் குடுங்க என்று டீக்கடைக்கு இழுத்துப் போனாள். அதற்கு முன்னால் பெட்டியை எடை போட்டபோது அடியில் தேக்காவில் வாங்கிய பட்டுப் பாவாடை சட்டை கிடந்தது, மூன்று வயதுப் பிள்ளை போடுகிற அளவு. கேட்டதற்கு ரஞ்சனோட கூட்டாளி பிள்ளைக்கு என்றாள், நானும் நம்பினேன். ஆளாளுக்கு எனக்குக் காது குத்தியிருக்கிறீர்கள்.

கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து நடந்து பேசத் தொடங்கிவிட்டது, அது எனக்குத் தெரியாமலே போயிற்று. அவள் சொல்ல வேண்டாம் என்றாளா, நீங்களாக மறைத்தீர்களா, உண்மையை எழுது. என்னிடம் சொல்ல அவ்வளவு பயமா. பிள்ளைக்கு என்ன பேர். ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் என் கால் வீங்கிவிடும், அதனால்தான் மெல்பர்னுக்கு உன்னிடம் வராமல் இருக்கிறேன். ஐந்து மணி நேரம் தாங்கும் என்று நினைக்கிறேன்.

இதற்குள் நிஜமாகவே மெல்பர்ன் போய்ச் சேர்ந்திருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். உனக்கும் அந்தப் பெர்த் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்வான். அம்மாவிடம் மூச்சு விடாதே, பதிலை யாக்கூப் வீட்டு விலாசத்துக்குப் போடு.

உன் அப்பா,
கலியமூர்த்தி

பி.கு: அந்தப் பாவாடை நீளம் கூடுதல் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. அடியை மடித்துத் தைக்கச் சொல் தாரணியிடம். வெட்டிவிட வேண்டாம், பிள்ளை வளரும்.