டாலியாவுக்குக் கொடுக்கக் கூடாத வாக்கு

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நெப்ராஸ்காவில் பனி முந்திக்கொண்டு வந்துவிட்டது. நீ அனுப்பிய விமான டிக்கெட்டும் வந்தது, கூடவே "அந்தக் கோர்ட் வேலைய விட்டுட்டு இங்கயே வந்துடும்மா, சம்பளமும் இல்ல, ஊர்ல கெட்ட பேரு வேற" என்று நீ எழுதியதும் வந்தது. விட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

போனில் சொன்னேனே ஒன்பது வயதுப் பெண், டாலியா என்று வைத்துக்கொள், உண்மைப் பெயரை உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது. பெற்றவள் போதையில் எங்கோ போய்விட, பதினோரு நாள் டிரெய்லர் வீட்டில் மூன்று வயதுத் தம்பிக்குக் கார்ன்ஃப்ளேக்ஸைத் தண்ணீரில் நனைத்து ஊட்டியவள். இப்போது வளர்ப்பு வீட்டில் இருக்கும் இந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் கோர்ட்டில் பேச நீதிபதி நியமித்த தொண்டர் நான். ஒன்றரை வருஷத்தில் குழந்தைகள் நல இலாகா அதிகாரிகள் நாலு பேர் மாறிவிட்டார்கள், மாறாதவள் நான் ஒருத்திதான். இப்போது நம் சர்ச்சுக்கு வரும் ஒரு குடும்பம் தம்பியை மட்டும் தத்துக் கேட்கிறது. நல்லவர்கள்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா வேண்டாமாம், வளர்ந்த பிள்ளை கஷ்டமாம்! இலாகாவும் தலையாட்டிவிட்டது. பிரிக்கக் கூடாது என்று நான் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதினேன், அதுதான் உன் காதுக்கு வந்த கெட்ட பெயர். போன ஞாயிறு சர்ச் விருந்தில் நான் செய்த பாப்பி விதை வைத்த இனிப்பு ரொட்டி கொலாச்சியை ஒரு ஜீவன்கூடத் தொடவில்லை. போகட்டும், திருப்பி எடுத்து வந்து நானே மூன்று நாள் வைத்துத் தின்றேன்.

தப்பு என் பக்கமும் உண்டு. செப்டம்பரில் பார்க்கப் போனபோது டாலியா என் கோட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, "தம்பிய எங்கிட்டேருந்து பிரிச்சிடுவாங்களா மிஸ் வெல்டா" என்று கேட்டாள். பிரிக்க விட மாட்டேன், சத்தியம் என்று சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகளுக்கு வாக்கே கொடுக்காதே, தீர்ப்பு உன் கையில் இல்லை என்று பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய வாய், அடங்குமா?

செவ்வாய்க்கிழமை விசாரணை. இலாகா வக்கீல் எழுந்து, "இந்தம்மா பஸ் டிரைவர், பிள்ளைக்கு வீண் ஆசை காட்டியிருக்காங்க, அறிக்கையத் தள்ளிடணும்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாக்குக் கொடுத்தீங்களா என்று நீதிபதி ஸ்ட்ராண்ட்பெர்க் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "கொடுத்தேன், தப்புதான், என்னைத் தூக்கிடுங்க. அதுக்கு முன்னாடி இங்க யாராவது ஒருத்தர் சொல்லட்டும், அந்தப் பையன் தூங்கணும்னா என்ன செய்யணும்?" என்றேன். வக்கீல் காகிதத்தைப் புரட்டினார், பாவம். "அக்கா காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவான். ஜூலைல அவள கோடை முகாமுக்கு அனுப்பின ரெண்டு நாளும் கண்ணே மூடலன்னு வளர்க்கிறவங்களே சொன்னாங்க. முப்பத்தொரு தடவ போய்ப் பார்த்து எழுதினது, அறிக்கைல நாலாம் பக்கம்" என்றேன்.

நீதிபதி அங்கேயே படித்தார். எனக்கு நல்ல மண்டகப்படி கிடைத்தது, இன்னொரு தடவை சத்தியம் கித்தியம்னு காதுல விழுந்தா நானே வெளிய அனுப்பிடுவேன் என்றார். ஆனால் தத்து மனுவை நிறுத்திவைத்து, இருவரையும் சேர்த்து ஏற்கும் வீட்டைத் தேட ஜனவரி பதினாலு வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். வீடு கிடைக்காமலும் போகலாம். அதனால்தான் டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வாருங்கள். கம்பளிக் காலுறை போடு, மாப்பிள்ளையைப் பனியில் வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல். கடவுள் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. விசாரணை முடிந்து கோர்ட் தாழ்வாரத்தில் டாலியா, "ஜனவரிக்கும் வருவீங்களா, சத்தியமா?" என்று கேட்டாள். நீதிபதியின் கதவு திறந்தே இருந்தது. சத்தியம் பண்ணக் கூடாதாம், எந்த ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வரட்டும், அதச் சொல்லு என்றேன். யோசித்து, மஞ்சள் என்றாள். நீ அலமாரியில் விட்டுப்போன மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்து முழங்கைக் கிழிசலைத் தைத்துவிட்டேன். திருப்பிக் கேட்காதே.

என்றும் உன் அம்மா,
வெல்டா ஹ்ருஸ்கா