காட்டு ரோஜாவில் கட்டிய சிவப்பு நூல்

அக்கா,

இன்று காலை பால் கவரை வெட்டும்போது கத்தரிக்கோல் கோணலாக ஓடி, விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு தனியே வந்துவிட்டது. குப்பையில் போடாமல் அதைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்பதே உறைத்தது. ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவதை நான் விட்டு எத்தனையோ வருடமாகிறது. ஈரத் துண்டில் வெயில் பட்டு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. நீங்கள் இருந்திருந்தால், "இன்னாம்மா, கண்ண தொறந்துகினே தூங்கறியா?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் செம்பாக்கத்தில் வீடு கட்டி வந்தபோது எங்கள் மனைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே வெறும் முள்வேலிதான். நாங்கள் வாங்கிய மனையே ஒரு காலத்தில் உங்கள் குடும்பத்து வேர்க்கடலைக் கொல்லை. நான் தாம்பரத்தில் ரயிலேறி டெலிபோன் ஆபீசுக்குப் போய்வருகிறவள். நீங்கள் மாடும் மனையுமாக ஊரையே தெரிந்து வைத்திருப்பவர். நம் இருவரையும் சேர்த்துவைத்தது ரோஜாப் பைத்தியம்தான்.

உங்களுக்கு வாய், எனக்குக் கை. அப்படித்தான் நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். முன்பின் தெரியாத வீட்டு கேட்டைத் தட்டி ரோஜாக் குச்சி கேட்க எனக்கு நாக்கு எழாது. நீங்கள் சேலையூரிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் ஒரு கேட்டையும் விட்டுவைக்கவில்லை. "ஒரே ஒரு குச்சி குடும்மா, ஒன் பேர சொல்லி வளப்பேன்" என்பீர்கள். ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி நீங்கள் கொண்டுவரும் குச்சியிலிருந்து துளிர் வரும் கண்ணைச் சீவி எடுத்து, தொட்டியில் வளர்த்த காட்டு ரோஜாவின் பட்டையைக் கீறி உள்ளே செருகி, பால் கவர் துண்டால் நான் கட்டுவேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வரும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நீங்கள் கதை சொல்லிக்கொண்டே இருக்க, நான் கட்டிக்கொண்டே இருப்பேன். எது கதை, எது தூக்கம் என்று தெரியாமல் பொழுது சாயும். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மதியங்கள் வரவில்லை.

ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் தோட்டத்தின் முன்தான் நிற்பார்கள். "அக்காவுக்கு என்ன கைராசி!" என்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டு நிற்பீர்கள். 'கட்டினது பக்கத்து வூட்டுப் பொண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டீர்களா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள் சொன்னதில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதல்ல, உங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்திய அம்மாள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய வாரம் நினைவிருக்கிறதா? அவர் வீட்டில் கறுப்புக்குப் பக்கமான சிவப்பில் ஒரு ரோஜா இருக்கிறது, மணம் தெருமுனைவரை வருமாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருந்தார்கள். நாம் போனபோது பூ இல்லை. செடியை மொட்டையடித்துவிட்டிருந்தார்கள். நீங்கள் விடவில்லை. "மேடம், ஒன் குச்சி, ப்ளீஸ்" என்று விரலைக் காட்டினீர்கள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒரு முழ நீளக் குச்சி ஒடித்துத் தந்தார். அதில் உருப்படியாக இரண்டே கண்கள்தான் இருந்தன.

உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு தொட்டிகளில் கட்டினேன். நீங்கள் கோயிலில் வாங்கிவந்த சிவப்பு நூலை ஒரு தொட்டிச் செடியில் முடிந்து, "இது என்னுது" என்றீர்கள். மூன்று வாரம் கழித்து ஒருநாள் விடியலில் நான் தனியாகக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நூல் கட்டிய செடியில் கண் பச்சையாகப் பிடித்திருந்தது. என்னுடையது கருகிக் கிடந்தது.

நூலை அவிழ்த்து மற்றதில் கட்டினேன் அக்கா. அவ்வளவுதான் செய்தேன். பால்காரர் சைக்கிள் மணி கேட்பதற்குள் முடிந்துவிட்டது.

கருகிய கண்ணுக்குக் கீழிருந்து காட்டு ரோஜாவே துளிர்த்தது. நீங்கள் அதை ஒட்டுத் துளிர் என்று நினைத்துக் கொண்டாடினீர்கள். நர்சரிக்காரர் ஒருவர், "காம்புக்கு ஏழேழு இலையா வந்தா அது காட்டுச் செடிம்மா" என்று சொல்லிவிட, நேராக என்னிடம் வந்து கேட்டீர்கள். "அதெல்லாம் சும்மாக்கா, சில சாதிக்கு அப்படித்தான் வரும்" என்றேன். அடுத்த மார்கழியில் வெளிர் ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் கொத்தாகப் பூத்தது. நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம உப்புத் தண்ணிக்கு கலரு மாறிடுச்சு போல. போவட்டும், எவ்ளோ சிரிச்சுகினு கீது பாரு" என்றீர்கள்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்த என் செடியை என்ன செய்வது? பூத்தால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள். நிறமும் மணமும் ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மொக்கு பச்சைப் பட்டாணி அளவுக்கு வரும்போதே கிள்ளி எறிந்தேன். ஒன்றிரண்டு மாதமல்ல, எட்டு வருடம். என் செடி பூக்கவில்லையே என்று பரிதாபப்பட்டு, மீன் கழுவிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு வந்து நீங்களே அதற்கு ஊற்றினீர்கள். அந்தத் தண்ணீரில் செடி இன்னும் நிறைய மொக்கு விட்டது. நான் இன்னும் நிறையக் கிள்ளினேன்.

தொண்ணூறுகளில் உங்கள் மகன் பொத்தேரியில் கல்லூரி மாணவர்களுக்கு வாடகை அறைகள் கட்டினான். வயதான காலத்தில் தனியாக இருக்கவேண்டாம் என்று உங்களையும் அங்கேயே கூப்பிட்டான். லாரி வந்து நின்ற அன்று மற்ற எல்லாச் செடிகளையும் விட்டுவிட்டு அந்தக் காட்டு ரோஜாவை மட்டும் வேரோடு தோண்டிக்கொண்டிருந்தீர்கள். கையெல்லாம் முள் கீறி ரத்தம். அதைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ உடைந்துவிட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பூவு இன்னா கலரு?" என்று கேட்டீர்கள்.

"தெரியாதுக்கா. ஒண்ணைக்கூட நான் பூக்க விடல."

"திருடிட்டு நீயும் பாக்கலியா?" உங்கள் முகத்தில் அப்போதுதான் கோபம் வந்தது. "என்ன ஏமாத்தினத வுடு. அந்தச் செடி ஒனக்கு இன்னாடி பாவம் பண்ணுச்சு?"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நீங்கள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "அடுத்த மொக்க கிள்ளாத. சொல்லி அனுப்பு, வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செடியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினீர்கள்.

சொன்னபடியே வந்தீர்கள். பொத்தேரியில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்து, வெயிலில் வந்தீர்கள். பூ மலர்ந்து மூன்றாம் நாள். கறுப்பென்றும் சொல்லமுடியாத, சிவப்பென்றும் சொல்லமுடியாத நிறம். துவைக்கிற கல்லின்மேல் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். மணம் ஒரு சமயம் ஏலக்காய் மாதிரி இருந்தது, ஒரு சமயம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ஏரிக் காற்று வரும்போதெல்லாம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கொடியில் காய்ந்த புடவையின் நிழல் நம்மேல் போவதும் வருவதுமாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்கு இன்றும் தெரியாது. நடுவில் ஒரு முறை, என் கையை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

கிளம்பும்போது நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். "ஒரு குச்சி வெட்டித் தர்றேன்க்கா. நானே பொத்தேரிக்கு வந்து கட்டித் தர்றேன்."

"வேணாம்மா. எனக்கு ஒண்ணு கீது, போதும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

அதன் பிறகும் நீங்கள் வந்தீர்கள், நான் வந்தேன், நல்லது கெட்டதுக்கெல்லாம் ஒன்றாக நின்றோம். என்மேல் உங்களுக்கு வருத்தம் இருந்ததாக ஒருநாளும் தோன்றவில்லை. கறுப்பு ரோஜா இப்போதும் வருடம் முழுக்கப் பூக்கிறது. யார் கேட்டாலும் வெட்டிக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டில் இருக்கிறது. ஊரில் ஒரு கேட்டையும் விடாமல் தட்டிக் கேட்ட நீங்கள் என்னிடம் மட்டும் கேட்கவே இல்லை. ஒரே ஒரு குச்சி கேட்டிருக்கலாம் அக்கா.