மணியில் சுற்றிய துணி

ஜூன் 11, வியாழன்
இரத்தோட்டையில் ஒரே காற்று. மழை இல்லை. சனிக்கிழமை லக்கலைக்குச் சைக்கிளில். மகள் பிலோமினாவைப் பார்க்க. அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். வழியில் காடு. கூட வருவது காதர் நானா. அந்தப் பக்கம் துணி விற்கப் போய்ப் பழகியவர்.

இன்று: செயினுக்கு எண்ணெய். பின் பிரேக்குக்குப் புதுக் கட்டை. டியூபில் ஓர் ஒட்டு. மணியைத் துடைத்து அடித்துப் பார்த்தேன். என்ன சத்தம்!

அரைப் பக்கம் எழுதிவிட்டேன். எல்லாம் என் கை! போன வருடம் கைநாட்டு.

ஜூன் 12, வெள்ளி
கூப்பன் கடை அரிசி வரிசையில் ஒருவன்: "லக்கல பாதையில ஒத்தை யானை நிக்குதாம். காட்டை வெட்டிப் பயிர் வச்ச சேனையில காவல் குடிசையையே பிரிச்சுப் போட்டிருச்சு. உள்ள பலாப்பழம் இருந்துச்சாம்."

ஜும்மா முடிந்து காதர் நானா வந்தார். வந்ததும் மணியில் துணி சுற்றி இறுக்கிக் கட்டினார். எனக்கு வருத்தம்.

"வெயில் ஏறின பொறகுதான் காட்டுக்குள்ள போவணும். பேச்சுக் கூடாது. பழ வாசம் கூடவே கூடாது அண்ணே."

என் மனைவி திரேசா விடவில்லை. "புள்ள பலாச்சுளை கேட்டுச் சொல்லி அனுப்பியிருக்கு. வெறுங்கையோடவா போவாங்க?"

"யானை தின்னது போக மிச்சம் இருந்தா குடுத்துடுறோம் அக்கா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பழம் வேண்டாம் என்று முடிவு. பையை அவளே கட்டினாள். குசினியில் பழம் பழுத்து வீடெல்லாம் வாசம்.

ஜூன் 13, சனி. காட்டு முகப்பு
மேடு முழுவதும் மிளகு லாரியில். இறக்கம் சைக்கிளில். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த வயதில்!

இங்கே ஒரு பெரிய மரம். உள்ளே போகிறவர்கள் கொப்பு ஒடித்து இதில் கட்ட வேண்டும், யானை மறிக்காமல் இருக்க. காதர் நானா ஒடித்துக் கட்டினார். நானும்.

"நீங்க பள்ளிவாசல், நான் மாதா கோயில். இது யாரு சாமி நானா?"

"யானை அதெல்லாம் கேக்குமா அண்ணே?"

பாதையில் யானை லத்தி. ஆவி பறக்கிறது. காதர் நானாவின் சிரிப்பு நின்றது. "இங்கேயே இருங்க. சத்தம் போடாம எழுதிக்கிட்டு இருங்க." வளைவுக்கு அப்பால் பார்க்க நடந்தே போனார்.

பென்சிலுக்காகப் பையில் கை விட்டேன். பிள்ளைத் துணிக்கு அடியில் வாழை இலைப் பொட்டலம். பலாச்சுளை. திரேசா! வழியெல்லாம் வந்த வாசம், வீட்டு வாசம் மூக்கிலேயே நிற்கிறது என்றல்லவா நினைத்தேன்.

எறிய வேண்டும். எங்கே எறிவது? காற்று காட்டுக்குள்ளேதான் அடிக்கிறது. பிலோமினாவின் முகம். இன்னும் எறியவில்லை.

காதர் நானாவைக் கூப்பிட வேண்டும். மணியில் துணி. முடிச்சு அவிழவில்லை.

வளைவுப் பக்கம் கொப்பு ஒடியும் சத்தம். வந்துவிட்டார்.

இல்லை. அவர் தன் கொப்பை அப்போதே ஒடித்துக் கட்டிவிட்டாரே.