பியூலா கல்யாணமும் வைஃபை கார்டும்

ஜனவரி 18, சனி

காலையில் பனி. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

தங்கை பியூலா போன் செய்தாள். வியாழக்கிழமை அவள் கல்யாணத்துக்கு ஃபோட்டோ நான்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

"வேற யாராவது கேமராவோட வந்தா நான் சர்ச்சுக்கே வரமாட்டேன்னு சொல்லிட்டேன்க்கா."

அப்பா இரண்டு நாள் கழித்து ஒன்றே ஒன்று சொன்னாராம்: "வேலைக்கு வர்றவளா வரட்டும். பொண்ணா வரவேணாம்."

நாங்கள் இருக்கும் ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரத்தில் அப்பா வீடு இதோ இருக்கிறது. வேலுவை ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டதிலிருந்து, நான்கு வருஷமாக, அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. வேலு படப்பைக்காரர், இந்து, ஹார்டுவேர் கடை. அப்பா வாயில் இன்றுவரை அவர் பெயர் வந்ததில்லை. "அந்த ஆளு."

சரி. வேலைக்கு வருகிறவளாகவே போகிறேன். வேலையை எப்படிச் செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கார்டைச் சோதித்துப் பார்த்தேன்.

என் கேமரா பழசு, அதில் வைஃபை கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்களுக்கோ சாப்பிட உட்காருவதற்குள் வாட்ஸப்பில் படம் வேண்டும். அதற்காகப் போன வருஷம் வாங்கியது இந்தக் கார்டு. பார்க்கச் சாதாரண மெமரி கார்டுதான், உள்ளே வைஃபை இருக்கிறது. இங்கே க்ளிக், கொஞ்ச நேரத்தில் போனில் படம்.

வேலு போனை வைத்துக்கொண்டு மாடியில் தள்ளித் தள்ளிப் போனார். துணிக்கொடி வரை படம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனதும் நின்றுவிட்டது.

மறக்கக் கூடாதவை:
கேமரா தூங்கினால் கார்டும் தூங்கிவிடும். ஆட்டோ ஆஃப் நேரத்தைக் கூட்டு.
பேட்டரி தின்னும். இருப்பதையெல்லாம் சார்ஜ் போடு.
"இதில் இன்டர்நெட் இல்லை" என்று போன் தானாகக் கழன்றுகொள்ளும். மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்.
சின்ன சைஸ் படம் மட்டும் அனுப்பு. பெரியது கார்டிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும்.

கறுப்புச் சுடிதார் இஸ்திரி. ஃபோட்டோக்காரி உடுப்பு. பிறகு மனசு மாறி அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்தேன்.

ஜனவரி 22, புதன்

அம்மா பேசினாள். பியூலா போனிலிருந்து, குளியலறையில் நின்றுகொண்டு. பின்னால் குழாய்ச் சத்தம்.

"பாப்பா, அந்தக் கார்டு படத்த என் டேப்லெட்டுக்கும் அனுப்புமாமே?"

அனுப்பும், ஏன் என்று கேட்டேன்.

"சர்ச்சுல முன்னால உக்காந்தாலும் ரெண்டு பேரு முதுகுதான் தெரியும். உறுதிமொழி சொல்றப்ப என் பொண்ணு மூஞ்சிய நான் பாக்கணும்."

டேபைக் கார்டோடு எப்படிச் சேர்ப்பது என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். வைக்கும் முன் மெதுவாக, "ஒன்னோடதத்தான் பாக்கவே இல்ல."

சாப்பாட்டின்போது வேலுவிடம் கேட்டேன், லைட் பிடிக்க ஆள் வேண்டும், வருகிறீர்களா.

"உங்கப்பா என்னை வெளிய போகச் சொன்னா?"

"லைட்டும் வெளிய போகும். நானும்."

"சரி. எந்தச் சட்டை?"

ஜனவரி 23, வியாழன்

கால் கெஞ்சுகிறது. இருந்தாலும் எழுதிவிடவேண்டும்.

சர்ச் வாசலில் அப்பா. என்னைப் பார்த்தார், ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்த வேலுவைப் பார்த்தார். "இது யாரு?" தெரியாதவர் மாதிரி.

"அசிஸ்டென்ட்," என்றேன். பக்கத்தில் ஆயர் நின்றார். அப்பா வழிவிட்டார்.

ஆல்டருக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்தேன். மாப்பிள்ளை சாமுவேல் திக்கித் திக்கி உறுதிமொழி சொன்னார். பியூலா தெளிவாகச் சொன்னாள், கண் மட்டும் நிறைந்துவிட்டது. எடுத்தேன். முதல் வரிசையில் அம்மா மடியில் டேப். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

மண்டபம். ப்ளக் பாயிண்ட் தேடி அலைந்தோம். வாட்ச்மேன்: "ஸ்டேஜு பின்னால கீது பாருமா. ஒயரு தட்டி யாரனா வுழுந்துறப் போறாங்கோ."

பசித்து டைனிங் ஹாலுக்குப் போனால் பரிமாறுகிறவர் கையை நீட்டித் தடுத்தார். "ஃபோட்டோக்காரங்க கடைசிப் பந்திம்மா." பெண்ணின் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை அப்பா சொல்லவேண்டும்.

பிறகு மேடையில் குடும்பப் படம். அப்பா, அம்மா, சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டார். நான் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பியூலா திடீரென்று, "அக்கா, நீ வா."

அப்பா சிரித்த முகத்தை மாற்றாமல், "எடுக்கிறவங்க எப்படிம்மா நிக்க முடியும்?"

"டைமர் இருக்குப்பா," என்றாள். "மாமா, லைட்ட வச்சிட்டு நீங்களும் வாங்க."

கேமராவை ட்ரைபாடில் பூட்டினேன். டைமரைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அம்மா நகர்ந்து தனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடம் விட்டாள். அங்கேயே நின்றேன். வேலு ஓரத்துக்குப் போனார், பியூலா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மண்டபம் முழுக்கப் பார்க்கிறது. அப்பா அசையவில்லை. க்ளிக்.

கீழே இறங்கியதும் அப்பா வந்தார். "அத அழி."

"நீங்களே அழிங்கப்பா. இந்தப் பட்டன்."

கேமராவை வாங்கிக்கொண்டார். ஸ்கிரீனில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம். பிறகு அழுத்தினார். படம் போயிற்று.

"இது அனுப்புற கார்டுப்பா," என்றேன். "எடுத்த உடனே அம்மா டேபுக்கும் பியூலா போனுக்கும் போயிருக்கும். அங்க அழிக்கணும்னா அவங்ககிட்டதான் கேக்கணும்."

திரும்பிப் பார்த்தார். அம்மா டேபை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அப்பா அவளிடம் கேட்காமல் பந்தி பார்க்கப் போய்விட்டார்.

கடைசிப் பந்தியில் வேலுவும் நானும். பிரியாணி ஆறிப்போயிருந்தது. நன்றாகவே சாப்பிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

லீவு. மற்ற படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பப் படத்தின் பெரிய ஃபைல் அப்பா கையால் போய்விட்டது. அனுப்பிய சின்னதுதான் மிச்சம்.

மதியம் சித்தப்பா போன். வழக்கம்போல அப்பாவுக்காக.

"குடும்பப் படம் அது ஒண்ணுதான்மா இருக்கு. ஹாலுக்கு மாட்டணும்கறாரு. நீங்க ரெண்டு பேரும் நிக்கிறத மட்டும் எடுத்துட்டு… இப்பதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களே."

"பண்ணலாம் சித்தப்பா. நான் பண்ணமாட்டேன்."

"அவரு வயசுக்காவது…"

"முழுசா மாட்டினா மாட்டட்டும். இல்லாட்டி செவுரு சும்மா இருக்கட்டும்."

வைத்துவிட்டேன். வேலு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

வெயில். நாளைக்குப் பெருங்களத்தூரில் ஒரு வளைகாப்பு. பேட்டரி எல்லாம் சார்ஜில்.

பதினொரு மணி போல அம்மா போன். அவள் போனிலிருந்தே. குழாய்ச் சத்தம் இல்லை.

டேபைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனாளாம். ப்ரிண்ட் போட்டு, ஃப்ரேமும் அங்கேயே.

"கொஞ்சம் மங்கலாத்தான் வந்திருக்கு. பரவால்ல, எல்லார் மூஞ்சியும் தெரியுது."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். அதென்ன கேள்வி? இரு, போன ஸ்பீக்கர்ல போடறேன், கை வேணும்."

டொக். டொக்.

"என்னம்மா பண்ற?"

"ஹால்ல ஆணி அடிக்கிறேன்."

"ஸ்டூல்ல ஏறாதம்மா. வேலுவ அனுப்பறேன், அடிச்சுக் குடுப்பாரு."

"மாப்பிள்ளைய சாப்பிட வரச் சொல்லு. ஆணிய நான் அடிச்சிக்கிறேன்."

பின்னால் அப்பா குரல், உள் அறையிலிருந்து. "என்ன சத்தம் அங்க?"

டொக்.